பீங்கான் நகரத்துக் கூடை – 6: அவசரப்படாதவர்கள்

இதுவரை: மத்திய பிரான்ஸில், பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன லிமோஜ் நகரம். அங்கே சேன்-பியேர் பங்குத் தேவாலயத்தைச் சார்ந்து 1929ல் உருவான சங்கம் செர்க்ல் சேன்-பியேர். ஊர்க்காரர்கள் வாயில் அது ‘சே-எஸ்-பே’. 1978ல் கூடைப்பந்தின் முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1982லும் 1983லும் கொராச் கோப்பையை வென்றது. இரண்டு முறையும் தோற்றது ஷிபெங்கா அணி; அதில் ஆடிய பொடியன் ட்ராஜென் பெத்ரோவிச். 1988ல் கோப்பை வென்றோர் கோப்பை. 1983க்கும் 1990க்கும் இடையே ஆறு பிரெஞ்சுப் பட்டங்கள்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஐரோப்பிய சாம்பியன் கோப்பை.

*

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பிய சாம்பியன் கோப்பை என்பதை யோசித்ததே பிரெஞ்சுக்காரர்கள்தான்.

பாரிஸிலிருந்து வரும் ‘லெகிப்’ என்ற விளையாட்டு நாளிதழ் போட்ட திட்டத்தில்தான் 1955ல் கால்பந்துக்கான ஐரோப்பியக் கோப்பை தொடங்கியது. 1958ல் கூடைப்பந்துக்கும் அதே மாதிரி ஒரு போட்டி வந்தபோது, பின்னால் நின்றதும் அதே பத்திரிகை. யோசனை அவர்களுடையது, வெள்ளிக் கோப்பை மட்டும் வருஷா வருஷம் மாட்ரிட்டுக்கும் மிலானுக்கும் மாஸ்கோவுக்கும் போய்க்கொண்டிருந்தது.

கால்பந்தில் ரான்ஸ் அணி 1956லும் 1959லும் இறுதிப்போட்டியில் தோற்றது. சேந்த் எத்தியேன் 1976ல் தோற்றது. மார்செய் 1991ல் பெனால்டியில் தோற்றது. கூடைப்பந்தில் அந்தத் துக்கம்கூட வாய்க்கவில்லை. ஒரு பிரெஞ்சு அணியாவது இறுதிப்போட்டிக்கு வந்தால்தானே தோற்க முடியும்?

லிமோஜ் நெருங்கி வந்தது 1990ல். ஸ்பெயினின் ஸரகோஸாவில் நடந்த ‘ஃபைனல் ஃபோர்’ சுற்றில் நான்கில் ஓர் அணியாக நின்றது. நல்ல அணி. ஒஸ்ட்ரோவ்ஸ்கி, மைக்கேல் ப்ரூக்ஸ், டான் காலின்ஸ் என்று வேகமாக ஓடி, கை கூசாமல் எறிந்து, நூறு பாயின்ட் தாண்டுவதை வழக்கமாக வைத்திருந்த அணி. அரையிறுதியில் எதிரே வந்தது யுகோஸ்லாவியாவின் ஸ்ப்ளிட் நகரத்து அணி.

101–83. ஸ்ப்ளிட்டுக்கு 101.

ஓடுகிறவனை அவனைவிட வேகமாக ஓடித் தோற்கடித்தார்கள். மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் லிமோஜ் 103 பாயின்ட் எடுத்து ஜெயித்தது. ஆறுதல் பரிசுக்கு நூற்று மூன்று! அந்த வாரம் லிமோஜ் வீட்டுக்குக் கொண்டுபோன பாடம் இதுதான்: நம்மைவிடத் திறமை கூடிய அணியோடு ஓட்டப்பந்தயம் வைத்துக்கொண்டால், ஓட்டப்பந்தயம்தான் நடக்கும், ஜெயிப்பு நடக்காது.

அன்று ஸ்ப்ளிட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோச்சின் பெயர் போஷிதார் மால்கோவிச். அவருடைய கையில் வளர்ந்த இருபத்தொரு வயது மன்னன், டோனி குகோச். இந்த இருவரையும் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதை இவர்களுடையது.

*

மால்கோவிச் ஸ்ப்ளிட்டுக்கு 1989லும் 1990லும் ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். பிறகு பார்சலோனா பெரிய சம்பளம் கொடுத்து அழைத்தது. போனார். 1991ல் பார்சலோனாவை இறுதிப்போட்டிக்கும் கொண்டுவந்தார். பாரிஸில் நடந்த அந்த ஆட்டத்தில் எதிர் அணி எது தெரியுமா? அவர் விட்டுவிட்டு வந்த அதே ஸ்ப்ளிட்!

குரு தோற்றார். 70–65. சிஷ்யன் குகோச் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக ஃபைனல் ஃபோரின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் எடுத்துக்கொண்டு போனார்.

பார்சலோனாவில் அவர் நிலைக்கவில்லை. 1992ல் லிமோஜ் அவரைக் கூப்பிட்டது. இரண்டு வருஷம் முன்னால் நம்மை உரித்தெடுத்த ஆளையே நமக்கு வாத்தியாராக வைத்துக்கொள்வோம் என்ற முடிவு. கழகத்தின் வரலாற்றில் எடுத்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான் என்பது என் கட்சி.

ஆனால் அவர் வந்து பார்த்தபோது 1990ன் அணி இல்லை. ஒஸ்ட்ரோவ்ஸ்கி போய்விட்டார், ப்ரூக்ஸ் போய்விட்டார். இருந்தவர்கள் யார்?

கொராச் கோப்பை நாட்களிலிருந்தே இருக்கும் ரிஷார் தாக்குரி, வயது முப்பத்துமூன்று. குவாதலூப் தீவிலிருந்து வந்த ஜிம் பில்பா. கூடைக்கடியில் ஆடுகிறவர், ஆனால் உயரம் இரண்டு மீட்டரைக்கூடத் தொடாது. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய அமெரிக்கர் வில்லி ரெடன். ஃப்ரெடெரிக் ஃபோர்த் என்ற இருபத்துமூன்று வயது இளைஞர். வெரோவ், ம்பாஹியா, துப்ரா என்று ஐரோப்பாவில் யாரும் தூக்கத்தில் பயப்படாத சில பெயர்கள்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்போது இரண்டே இடம். ஒன்றில் மைக்கேல் யங். கல்லூரி நாட்களில் ஹூஸ்டனில் ஒலாஜுவனோடும் ட்ரெக்ஸ்லரோடும் ஒரே அணியில் ஆடியவர், பாயின்ட் எடுக்கத் தெரிந்தவர். இன்னொன்றில் ஸ்லோவேனியாவின் யூரி ஸ்தோவ்ட்ஸ்.

ஸ்தோவ்ட்ஸ் கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1991 ஜூனில் ரோம் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நடந்தது. யுகோஸ்லாவிய அணியில் குகோச், திவாட்ஸ், ராஜா ஆகியோரோடு அவரும் இருந்தார். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 25 அன்று, ஸ்லோவேனியா தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. அணியை விட்டு வெளியே வா என்று ஊரிலிருந்து சொல் வந்தது. அரையிறுதிக்கு முன் அவர் அணியிலிருந்து விலகினார். மற்றவர்கள் தங்கம் வென்றார்கள். யுகோஸ்லாவியா என்ற பெயரில் அந்தத் தலைமுறை சேர்ந்து ஆடிய கடைசிப் போட்டி அது.

*

அந்த உடைந்த நாடு 1993 ஆட்டத்தின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நடப்பு சாம்பியன் பெல்கிரேடின் பார்ட்டிசான். போர் காரணமாக 1991–92 பருவத்தில் தன் ‘சொந்த ஊர்’ ஆட்டங்களை ஸ்பெயினில் ஃபுவென்லாப்ராதா என்ற ஊரில் ஆடி, இஸ்தான்புல்லில் கோப்பையை வென்ற அணி. 1992 மே மாத இறுதியில் ஐ.நா. தடை வந்தது, தடையில் விளையாட்டும் அடக்கம். ஆக, சாம்பியன் இல்லாமலே அடுத்த சாம்பியன்ஷிப் தொடங்கியது.

மூன்று முறை தொடர்ந்து ஐரோப்பாவை ஆண்ட ஸ்ப்ளிட் அணி சிதறிப் போயிருந்தது. குகோச் இத்தாலியில், பெனட்டன் துணிக் கம்பெனி நடத்திய ட்ரெவிசோ அணியில். 1992ல் அந்த அணிக்கு இத்தாலியப் பட்டம் கிடைத்திருந்தது. குகோச் க்ரோயேஷியர். மால்கோவிச் க்ரோயேஷிய மண்ணில், ஓட்டோச்சாட்ஸில் பிறந்த செர்பியர். ஸ்தோவ்ட்ஸ் ஸ்லோவேனியர். மூவரும் ஒரே பாஸ்போர்ட் வைத்திருந்த காலம் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

*

மால்கோவிச் என்ன செய்தார்?

கணக்குப் போட்டார். அன்றைய விதிப்படி ஓர் ஆட்டம் 40 நிமிடம். பந்து கைக்கு வந்தால் 30 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இரண்டு அணிகளும் பதினைந்து நொடியில் எறிந்துகொண்டிருந்தால், ஒவ்வோர் அணிக்கும் ஏறத்தாழ எண்பது வாய்ப்பு. முப்பது நொடியையும் முழுக்கச் செலவழித்தால் நாற்பதுதான்.

தாயக்கட்டையை நூறு முறை உருட்டினால் கெட்டிக்காரன் கை தெரிந்துவிடும். பத்தே முறை உருட்டினால் எதிரே இருப்பவன் யாராக இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை.

ஆகவே லிமோஜ் பத்து முறை உருட்டும் அணியாக மாறியது. ஸ்தோவ்ட்ஸ் பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டுவார், நிற்பார். பக்கவாட்டில் ஒரு பாஸ். திரும்ப அவர் கைக்கே. ரெடன் மேலே ஏறி வந்து எதிராளியின் வழியை மறித்து நிற்பார். பந்து மறுபக்கம் போகும். அங்கே ஆள் தனியாக இருந்தாலும் எறிய மாட்டார், திருப்பி அனுப்புவார். அரங்கில் விசில் பறக்கும். கடிகாரத்தில் ஐந்து, நான்கு. அப்போதுதான் யங் கைக்குப் பந்து வரும். போட்டால் இரண்டு பாயின்ட். போகாவிட்டாலும் நஷ்டமில்லை, எதிராளியின் அரை நிமிடத்தைத் தின்றாகிவிட்டது. நான்கு பேர் ஏற்கெனவே தங்கள் பக்கம் ஓடிப்போய்க் காவல் நின்றிருப்பார்கள்.

காவல்தான் மீதிப் பாதி. கூடைக்குப் போகும் வழியில் ஒருத்தனை ஏமாற்றினால் இரண்டாமவன் நிற்பான், அவனையும் தாண்டினால் பில்பா மேலே எழும்பி வருவார். எழுபது பாயின்ட் எடுப்பது எதிரணிக்கு மலையேற்றம். எண்பதை யாரும் கனவு காணவில்லை.

போப்ளான் அரங்கில் சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு இது பிடித்ததா? 1980களில் நூறு பாயின்ட் பார்த்துப் பழகிய ஜனங்கள். முணுமுணுப்பு இல்லாமலா இருக்கும்? ஆனால் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயிக்கிற கோச்சிடம் யாரும் அழகைக் கேட்பதில்லை.

*

காலிறுதியில் கிரீஸின் ஒலிம்பியாகோஸ். மூன்று ஆட்டத் தொடர். இரண்டு ஜெயித்தவருக்கு வழி. மூன்றாவது ஆட்டம் வரை இழுத்துப்போய் லிமோஜ் தாண்டியது.

இதில் ஒரு கூடுதல் சங்கதி. அந்த ஆண்டு ஃபைனல் ஃபோர் நடக்கவிருந்த இடம் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய ‘சமாதானமும் நட்பும்’ அரங்கம். அது ஒலிம்பியாகோஸின் சொந்தக் கோட்டை! தன் வீட்டில் நடக்கப்போகும் கல்யாணத்துக்கு அவர்களுக்கே பந்தி கிடைக்காமல் செய்துவிட்டு, லிமோஜ் விமானம் ஏறியது.

நான்கு அணிகள்: ரியல் மாட்ரிட், ட்ரெவிசோ, தெஸ்ஸலோனிக்கியின் பாவோக், லிமோஜ். பந்தயம் கட்டுகிறவர்கள் முதல் மூன்று பெயரோடு நிறுத்திக்கொண்டிருப்பார்கள்.

ஏப்ரல் 13, 1993. அரையிறுதி. ரியல் மாட்ரிட்டில் லிதுவேனியாவின் அர்விதாஸ் சபோனிஸ். 2 மீட்டர் 21. அந்தப் பருவத்தில் ஸ்பெயின் லீகையும் மன்னர் கோப்பையையும் சேர்த்து அள்ளிய அணி. அவருக்கு முன்னால் ரெடனும் பில்பாவும்.

லிமோஜ் 62, ரியல் மாட்ரிட் 52.

ஐம்பத்திரண்டு! ஐரோப்பாவின் மிகப் பெரிய அணி, கண்டத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு, நாற்பது நிமிடத்தில் எடுத்தது அவ்வளவுதான். அரங்கிலிருந்த கிரேக்கர்களுக்கு அதைவிடப் பெரிய துக்கம் வந்தது: இன்னோர் அரையிறுதியில் பாவோக் 79–77 என்று ட்ரெவிசோவிடம் தோற்றது.

இறுதிப்போட்டிக்கு வந்தவர்கள் குருவும் சிஷ்யனும். இரண்டு ஆண்டுக்குள் இரண்டாம் தடவை.

*

ஏப்ரல் 15. வியாழக்கிழமை இரவு.

ட்ரெவிசோ பெஞ்சில் கோச் பீட்டர் ஸ்கான்சி. அவரும் ஸ்ப்ளிட் வழி வந்தவரே. களத்தில் அமெரிக்காவின் என்.பி.ஏ.யில் பல பருவங்கள் ஆடிய டெர்ரி டீகிள், இத்தாலியின் ருஸ்கோனி, யாக்கோபினி. எல்லோருக்கும் மேலே குகோச். இடதுகைக்காரர். ஏழடியை நெருங்கும் உயரத்தில் இருந்துகொண்டு குள்ளமான கார்டு மாதிரிப் பந்தைத் தட்டிக்கொண்டு போவார், முதுகுக்குப் பின்னால் பாஸ் போடுவார். முந்தைய கோடையில் பார்சலோனா ஒலிம்பிக்ஸில் மைக்கேல் ஜோர்டனும் பிப்பனும் இவரை முடக்கியே தீருவது என்று கங்கணம் கட்டி ஆடினார்கள் என்றால் ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆளின் ஒவ்வொரு பழக்கமும் மால்கோவிச்சுக்குத் தெரியும். பழக்கிவிட்டவரே அவர்தானே.

முதல் பாதி ட்ரெவிசோவுடையது. இடைவேளையில் லிமோஜ் பின்தங்கியிருந்தது. ஆனால் ஸ்கோர் பலகையில் இரண்டு பக்கமும் இருந்தது சின்ன எண்கள். மால்கோவிச்சுக்கு அது போதும். சின்ன எண்களில் இடைவெளி பெரிதாக ஆக முடியாது. பெரிதாகாத இடைவெளியை அவசரப்படாமல் அடைக்கலாம்.

இரண்டாம் பாதியில் அடைத்தார்கள். யங் எறிந்தார். காவல் இறுகியது. ட்ரெவிசோக்காரர்கள் நிதானம் இழந்தார்கள். இன்னும் ஒரு தடவை பந்து கிடைக்குமா என்ற பதற்றத்தில், கிடைத்த தடவை எல்லாம் அவசரமாக எறிந்தார்கள். வேகமான அணியை மெதுவாக ஆட வைப்பதைவிட, பதற வைப்பதுதான் அந்தத் திட்டத்தின் உண்மையான விஷம்.

கடைசி நிமிடம். லிமோஜ் முன்னால், ஆனால் நூலிழையில். சில நொடிகள் பாக்கி. பந்து யாரிடம் இருக்கும்? குகோச்சிடம்தான். இதே மாதிரித் தருணங்களில்தான் அவர் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளைத் தூக்கியிருக்கிறார்.

எதிரே வந்தவர் தாக்குரி இல்லை, ஸ்தோவ்ட்ஸ் இல்லை. அந்தப் பொடியன், ஃபோர்த்.

கையை நீட்டினார். பந்து குகோச்சின் கையைவிட்டு நழுவியது.

ஐரோப்பாவின் மிக உறுதியான கைகளிலிருந்து, பெரும்பாலும் மாற்று ஆளாக வந்து போகிற ஓர் இளைஞர் பந்தைப் பறித்துவிட்டார். கழகத்தின் அறுபது ஆண்டுகளும் அந்த அரை நொடிக்குள் வந்து நின்றன என்று லிமோஜ்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அவர்கள் மிகைப்படுத்துகிறவர்கள்தான். இந்த விஷயத்தில் நான் அவர்களோடு சண்டை போட மாட்டேன்.

59–55.

சிறந்த ஆட்டக்காரர் விருது மறுபடி குகோச்சுக்கே போனது. தோற்ற அணியிலிருந்து! லிமோஜில் கொடுக்க ஒரு நட்சத்திரம் இல்லை என்பதுதான் காரணம்; ஜெயித்ததற்கும் அதுவே காரணம்.

இன்னொன்றையும் கூட்டிப் பாருங்கள். அரையிறுதியில் 62ம் 52ம் சேர்ந்தால் 114. இறுதியில் 59ம் 55ம் சேர்ந்தால் 114. எதிராளி மாறினார், ஆட்டம் மாறவில்லை.

*

பாராட்டோடு சேர்ந்து வசையும் வந்தது. இது கூடைப்பந்தே இல்லை, கூடைப்பந்தைக் கொல்கிற வேலை என்று தோற்ற பக்கமும் பத்திரிகைகளும் பொரிந்தன. அந்த ஒளிப்பதிவைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு நடுவில் கொட்டாவி வரும், மறுக்கவில்லை. 2000ல் 30 நொடி விதி 24 நொடியாகச் சுருக்கப்பட்டது. அதற்கு லிமோஜ் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த மாதிரி இரவுகளை யாரும் மறந்திருக்கவும் மாட்டார்கள்.

எனக்கு அந்த வசையில் பாதி நியாயம்தான் தெரிகிறது. பெனட்டன் மாதிரி ஒரு கம்பெனியும், மாட்ரிட் மாதிரி ஒரு பேரும் பின்னால் இருப்பவர்கள் அழகாக ஆடலாம். ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லாத ஊர், ஸரகோஸாவில் அழகாக ஆடிப் பார்த்துவிட்டது. 83 பாயின்ட் எடுத்து, 101 வாங்கிக்கொண்டு வந்தது.

லிமோஜ் நகரமே தெருவில் இறங்கியது. பெரிய குழு விளையாட்டு எதிலும் ஐரோப்பாவின் தலைமைக் கோப்பையை வென்ற முதல் பிரெஞ்சுக் கழகம்! ஆறு வாரம் கழித்து, மே 26 அன்று, மியூனிக்கில் மிலானை 1–0 என்று வென்று மார்செய் கால்பந்துக் கோப்பையைத் தூக்கியது. தாங்களே என்றென்றும் முதல்வர்கள் என்று மார்செய் ரசிகர்கள் மார்தட்டுவார்கள். லிமோஜ்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் நாள்காட்டியை எடுத்துக் காட்டுவார்.

அந்தப் பருவத்தின் பிரெஞ்சுப் பட்டமும் லிமோஜுக்கே. குகோச் கோடையில் சிகாகோவுக்குப் புறப்பட்டார். ஜூன் 7 அன்று ஜெர்மனியில் ஒரு கார் விபத்தில் ட்ராஜென் பெத்ரோவிச் இறந்துபோனார். லிமோஜின் முதல் இரண்டு கோப்பைகளுக்கும் எதிரே நின்ற அந்தப் பொடியனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

*

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1994ல் இன்னொரு பிரெஞ்சுப் பட்டம். 1995ல் மறுபடி ஃபைனல் ஃபோர், மறுபடி ஸரகோஸா. அரையிறுதியில் ரியல் மாட்ரிட் கணக்குத் தீர்த்துக்கொண்டது. மால்கோவிச் ஏதென்ஸின் பனதினாய்கோஸுக்குப் போனார்; 1996ல் அவர்களையும் ஐரோப்பிய சாம்பியன் ஆக்கினார்.

1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த போஸ்மன் தீர்ப்பு சந்தையைத் திறந்துவிட்டது. இரண்டு வெளிநாட்டுக்காரர் என்ற வேலி சரிந்தது, சம்பளங்கள் எகிறின. சாம்பியன் என்ற பேர் வந்துவிட்டது. அந்தப் பேருக்கு ஏற்ற சம்பளத்தை இனி மாதாமாதம் கொடுத்தாக வேண்டும். முப்பது நொடியைத் தின்று மாட்ரிட்டின் பணத்தைச் சமாளித்த தந்திரம் களத்துக்குள் செல்லும். கணக்குப் புத்தகத்தில் செல்லுமா?

2000ஆம் ஆண்டு வந்தது. கோச் துஷ்கோ இவானோவிச். ஸ்ப்ளிட்டில் மால்கோவிச்சின் கீழ் ஆடி இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை வென்றவர். களத்தில் யான் பொனாத்தோ, மார்கஸ் ப்ரவுன். ஒரே பருவத்தில் பிரெஞ்சு லீக், பிரெஞ்சுக் கோப்பை, கொராச் கோப்பை. மூன்றும் லிமோஜுக்கு.

அதே கோடையில் அந்த அணியை இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளினார்கள். களத்தில் தோற்றதற்காக அல்ல. மூன்று கோப்பைகளை அலமாரியில் வைத்திருந்த கழகத்தின் கல்லாப்பெட்டியில் அப்படி என்னதான் நடந்திருந்தது?

(அடுத்த வாரம்)